கல்குளம் பக்கம் ஒரு பழைய ஓட்டுக்கூரை ஆலயம்: எந்தக் காலத்துக் கட்டடம், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

சேகரச்செயலர் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கல்குளம் வட்டத்தில் ஒரு சிற்றூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். லண்டன் மிஷன் காலத்துக் கட்டடம். உள்ளளவு 60 அடி நீளம், 24 அடி அகலம். சுவர் வெட்டுக்கல் (செம்புரைக்கல்), 2 அடி தடிமன், இறவாண மட்டம் (கூரையின் கீழோரம்) வரை 13 அடி உயரம். மங்களூர் ஓடு, மரக் கழுக்கோல் (ஓட்டைத் தாங்கும் சாய்மரம்). மேற்கே கான்கிரீட் போர்ட்டிகோவும் மணிக்கூண்டும் பிற்பாடு சேர்த்தவை.

இப்போதைய குறைகள்:
தரையிலிருந்து 4 அடி வரை உள்பூச்சு வெள்ளையாகப் பொரிந்து உதிர்கிறது. அது சிமென்ட் பூச்சு.
தெற்குச் சுவரின் உச்சியில் விரிசல். மேலே அகலம், கீழே வரவர மயிரிழை.
போர்ட்டிகோ ஆலயத்தோடு சேரும் இடத்தில் மழைநீர் இறங்குகிறது.
வாசல் மேல் ஒரு கல். பல தடவை வெள்ளையடித்து எழுத்து மூடிவிட்டது. தமிழ் எண்கள் போலத் தெரிகிறது.

சபையில் 200-வது ஆண்டு விழாப் பேச்சு நடக்கிறது. கமிட்டியில் ஒரு சாரார் மறுபடியும் சிமென்ட் பூசி கிரானைட் போடலாம் என்கிறார்கள். இன்னொரு சாரார் இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கல்லெழுத்து எழுதியது:

முதலில் அந்தக் கல். உளி, எமரித் தாள், ஆசிட் மூன்றும் வேண்டாம். சுண்ணாம்புப் படலத்தை ஈரத்துணியால் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மூங்கில் சீவலால் மெதுவாகச் சுரண்டினால் பெரும்பாலும் ஏடாக உரிந்து வரும். அடுத்து, இரவில் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பும். நான்கு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் வேண்டும். எழுத்துக்குள் கறுப்புப் பெயின்ட் நிரப்பவே கூடாது. நிரப்புகிறவர் தவறாகப் படித்திருந்தால் அந்தத் தவறுதான் பிறகு கல்லில் நிற்கும்.

தென்திருவிதாங்கூர்க் கல்லில் பெரும்பாலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரைக்கும் 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி வரைக்கும் 825. மாதம் எழுதாத கல் என்றால் இரண்டு ஆங்கில ஆண்டையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

தமிழ் எண்ணில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. எண்ணை இடத்தால் அல்ல, பெருக்கிப் படிக்க வேண்டும். ௯௱௮௰௪ என்றால் ஒன்பது நூறு, எட்டுப் பத்து, நான்கு: 984. அதாவது 1808 ஆகஸ்ட் முதல் 1809 ஆகஸ்ட் வரை. ௧-ஐயும் ௲-ஐயும், ௭-ஐயும் ௪-ஐயும் தேய்ந்த கல்லில் மாற்றிப் படிப்பது சகஜம். ஒருவர் படித்ததை இன்னொருவர் பார்க்காமல் தனியே படித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கல்லில் ஆண்டு கிடைத்ததும் அதை ஆலயத்தின் வயது என்று விழா நோட்டீஸில் அடித்துவிடாதீர்கள். சபை கூடத் தொடங்கிய ஆண்டு, அந்த மனைக்கு வந்த ஆண்டு, இப்போது நிற்கும் சுவர் எழுந்த ஆண்டு என மூன்று இருக்கும். மூன்றும் ஒன்றாக அமைவது அரிது.

---

பழையாறு எழுதியது:

அந்த மூன்றும் ஏன் வேறுபடும் என்பதற்கு இந்த மாவட்டத்தின் வரலாறே காரணம்.

லண்டன் மிஷன் ஊழியரான வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தார். மயிலாடிக்காரரான வேதமாணிக்கத்தின் முயற்சியால் ஏற்கெனவே அங்கே சபைக்கு வித்திடப்பட்டிருந்தது. 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816-ல் ரிங்கல்தௌபே போய்விட, பின்னால் வந்த மீட் ஐயர் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கிருந்துதான் மேற்கே நெய்யூர் வரைக்கும் சிற்றூர்ச் சபைகள் பரவின.

தொடக்ககாலச் சிற்றூர் ஆலயம் என்றால் மண்சுவர், ஓலைக்கூரை. பகலில் அதுவே பள்ளிக்கூடம். தோள்சீலைப் போராட்டக் (பெண்கள் மேல்சீலை அணியும் உரிமைக்கான போராட்டம்) காலத்தில், 1820-களின் இறுதியிலும் மறுபடி 1858-59-லும், இப்படிப்பட்ட ஓலைக்கூரை ஆலயங்களும் பள்ளிகளும் பல இடங்களில் எரிக்கப்பட்டன. 1859 ஜூலையில்தான் அரசர் உத்திரம் திருநாள் அறிக்கை வெளியிட்டார். ஆகவே '1820-களில் தொடங்கிய சபை' என்பதும், 'இந்தச் சுவர் 1860-க்குப் பிந்தியது' என்பதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

ஆவணம் தேடுவதற்கு மூன்று இடம். ஒன்று, சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) உள்ள ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. இரண்டு, லண்டன் மிஷன் ஆண்டறிக்கைகளும் கடிதங்களும். அவை லண்டனில் சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. மூன்று, திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகம். திருவிதாங்கூரில் புதிதாக வழிபாட்டிடம் எழுப்ப சர்க்கார் அனுமதி வேண்டியிருந்தது. அந்த மனுவில் மனையின் நான்கெல்லை, அளவு எல்லாம் வரும். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 என்பதால், அதற்கு முந்திய காகிதத்தைச் சென்னையில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று சொல்லக்கூடாது.

கட்டட அமைப்பிலும் ஒரு தடயம் உண்டு. லண்டன் மிஷன் வழக்கத்தில் பிரசங்கபீடம்தான் நடுநாயகம். 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. உருவானது. அதன் பிறகுதான் பல ஊரில் கிழக்குச் சுவரைத் தள்ளி, வளைவு வைத்து, நற்கருணை மேடையைத் தனிப் பகுதியாக ஆக்கினார்கள். உங்கள் கிழக்குப் பகுதியின் சுவர்த் தடிமனும் கல்லின் அளவும் மற்றச் சுவரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அது பிற்சேர்க்கை.

---

தேடல்வாசி எழுதியது:

திருவிதாங்கோடு அரப்பள்ளி கி.பி. 63 என்கிறார்களே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?

---

பழையாறு எழுதியது:

அப்போஸ்தலர் தோமா வழியாக வந்த மரபு அந்த ஆண்டைச் சொல்கிறது. அது அந்தச் சபையின் விசுவாச நினைவு, அதற்குரிய மதிப்போடு சொல்ல வேண்டும். நிற்கும் கருங்கல் கட்டடத்தின் வயது தனிக் கேள்வி. அதைக் கல்லின் உளித்தடம், பொருத்து, பகுதிகள் ஒன்றோடொன்று சேரும் இடம் இவற்றை வைத்துத்தான் படிக்க வேண்டும். கோட்டாறு சவேரியார் ஆலயமும் அப்படியே. சவேரியார் 1540-களில் இந்தக் கரையில் ஊழியம் செய்தார், மறைசாட்சி தேவசகாயம் 1752-ல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார், 1930-ல் மறைமாவட்டத் தலைமைக் கோவிலானது. ஒரே வளாகத்தில் இத்தனை அடுக்கு.

---

வெட்டுக்கல் எழுதியது:

சுவருக்கு வருகிறேன். உங்கள் நோய்க்குப் பெயர் சிமென்ட்.

வெட்டுக்கல் நிலத்திலிருந்து வெட்டும்போது கோடரிக்கு இசையும் அளவு மெது. காற்றுப் பட்டுக் காய்ந்துதான் இறுகும். உடம்பெல்லாம் துளை. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் வெளியே விடும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தைத் தடுக்காது. சிமென்ட் பூச்சு தடுக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறும். கூடவே உப்பும் ஏறும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி விரிந்து, முதலில் பெயின்ட், பிறகு பூச்சு, கடைசியில் கல்லின் முகம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளும். மறுபடி சிமென்ட் பூசினால் 4 அடி 6 அடியாகும். நோய் உயரும், நிற்காது.

முதல் வேலை சுவரில் இல்லை, வெளியே இருக்கிறது. முற்றத்தில் பேவர் பிளாக் போட்டுத் தரை உயர்ந்திருக்கிறதா பாருங்கள். பல ஆலயங்களில் வெளித்தரை உள்தரைக்குச் சமமாகிவிட்டது. சுவரை ஒட்டி 3 அடி அகலத்துக்குப் பேவரையும் கான்கிரீட்டையும் எடுத்துவிட்டு, வெளிமட்டத்தை உள்தரையைவிடக் குறைந்தது 6 அங்குலம் தாழ்த்தி, 40 மி.மீ. ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியே ஓடும்படி சாய்வு கொடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டிவிடாதீர்கள். உள்ளே கிரானைட் போட்டால் தரை வழியே போக வேண்டிய ஈரமும் சுவருக்குத்தான் திரும்பும், ஆகவே கிரானைட் வேண்டாம்.

அடுத்து சிமென்ட் பூச்சை எடுப்பது. பிரேக்கர் மிஷின் கூடாது, கல்லின் முகமே பெயர்ந்து வரும். சின்ன உளியும் சுத்தியலும் போதும், உளியைச் சுவருக்குச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். உப்பேறிய உயரத்துக்கு மேல் இன்னும் 2 அடி எடுங்கள். வெளியே தெரியும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு உள்ளே திரும்பிவிடும். பிறகு சுவரைச் சும்மா விட வேண்டும். தை, மாசி, பங்குனி முழுக்க ஜன்னல் திறந்து காயட்டும். இந்தக் காத்திருப்புக்குத்தான் எந்தக் கமிட்டியும் சம்மதிப்பதில்லை. இதைத் தாண்டிப் பூசிய காரை அடுத்த இடவப்பாதியிலேயே (ஜூன் மழையிலேயே) விழும்.

பூச்சுக் கணக்கு: சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீரில் நீற்றி, சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் ஊறவிட வேண்டும். ஊறாத கட்டி சுவரில் போனபின் நீறி, அம்மைக் கொப்புளம் போல் பூச்சைத் தெறிக்கும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போகக்கூடாது.

அடிப்பூச்சு சுண்ணாம்புக் களி 1, மணல் 3. மேல்பூச்சு 1-க்கு 2. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பை நாமே கொண்டுவந்து பூசியதாகிவிடும். 100 சதுர அடியை 20 மி.மீ. கனத்துக்குப் பூச ஏறக்குறைய 6.6 கன அடி சாந்து வேண்டும். களி மணலின் இடைவெளிக்குள் போய்விடும் என்பதால் மணல் 6.6 கன அடியும் களி 2.2 கன அடியும் எடுங்கள். வெட்டுக்கல் மேடுபள்ளத்துக்குக் கால் பங்கு கூடுதல். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பத்து நாள் இடைவெளி, அதுவரை நனைத்த சாக்குத் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். வேகமாகக் காய்ந்தால் சுண்ணாம்பு இறுகாது, மாவாகவே நிற்கும்.

கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்ப்பது நல்ல பழக்கம்தான். அளவு மீறினால் சாந்து இறுகத் தாமதமாகும். 2 அடிக்கு 2 அடி மாதிரி பூசி மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் முழுச் சுவருக்குப் போக வேண்டும்.

---

சேகரச்செயலர் எழுதியது:

நன்றி அண்ணாச்சி. பூச்சுக்கு மேல் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் பாதுகாப்பு கூடுமா? கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

---

வெட்டுக்கல் எழுதியது:

கூடாது. அது சிமென்ட் செய்த வேலையையே மெல்லிய படலமாகச் செய்யும். சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும், நீர்க்கக் கரைத்து மூன்று கை.

---

கழுக்கோல் எழுதியது:

தெற்குச் சுவர் விரிசல்தான் எனக்குக் கவலை. மேலே அகலம், கீழே குறுகல் என்றால் அஸ்திவாரம் இறங்கியதாக முதலில் சந்தேகப்பட வேண்டாம். கூரை சுவரை வெளியே தள்ளுகிறது என்றே முதலில் பாருங்கள்.

இரண்டு பக்கக் கழுக்கோலும் மோந்தாயத்தில் (முகட்டு மரத்தில்) சாய்ந்து நிற்கின்றன. அவற்றின் கால் விலகாமல் பிடிப்பது குறுக்கு உத்தரம். ஃபேன் மாட்ட, 'மேலே உயரமாகத் தெரிய', மேடைக்கு மறைப்பில்லாமல் இருக்க என்று யாராவது ஒரு உத்தரத்தை அறுத்திருக்கிறார்களா? சுவரில் உத்தரம் நுழைந்த பழைய பொந்து பூசி மூடியிருக்கும், தட்டினால் சத்தம் வேறுபடும். அறுக்கவில்லை என்றால் உத்தரத்தின் முனை சுவருக்குள் மக்கியிருக்கலாம். திருப்புளியால் குத்திப் பாருங்கள். ஒரு அங்குலம் எளிதாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது.

அளக்கும் விதம்: இறவாண மட்டத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டு, 10 அடிக்கு ஒரு இடமாகச் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள். 2 அங்குலம் தாண்டினாலே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். 4 அங்குலம் என்றால், அதாவது தடிமனில் ஆறில் ஒரு பங்கு, அவர் வந்து முட்டுக் கொடுக்கும் வரை ஒரு ஓட்டைக்கூடக் கழற்றாதீர்கள், ஆராதனையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் எபாக்ஸியால் ஒட்டித் தேதி எழுதிவையுங்கள். மூன்று மாதத்தில் உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. உடையாவிட்டால் பழைய காயம்.

மக்கிய முனையை மட்டும் வெட்டி, நல்ல அயனியில் (பலா இன மரம்) ஒட்டுப் போடலாம். சரிவான ஒட்டு, ஒட்டின் நீளம் மரத்தின் ஆழத்தைப் போல் மூன்று மடங்காவது, இரண்டு போல்ட். முழு உத்தரத்தையும் மாற்றத் தேவையில்லை. உத்தரம் அறுத்த இடத்தில் 20 மி.மீ. இரும்புக் கம்பியை இரு சுவருக்கும் குறுக்கே இழுத்து, வெளியே ஒரு அடிச் சதுரத் தகடு வைத்து முறுக்கலாம். கம்பி துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். துரு பல மடங்கு வீங்கும், கல்லை உடைத்துக்கொண்டு வரும்.

ஓட்டுக் கணக்கு: சுவர்த் தடிமன் சேர்த்து 64 அடி நீளம், இரு பக்கச் சுவரும் இறவாணமும் சேர்த்து 31 அடி, 35 பாகைச் சரிவு என்றால் கூரைப் பரப்பு சுமார் 2,420 சதுர அடி. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 15. ஆக 3,375, உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 3,550. முகட்டு ஓடு 65 போதும். பழைய ஓட்டில் விரலால் சுண்டினால் கணீர் என்று ஒலிப்பது நல்லது, 'தொப்' என்றால் உள்விரிசல்.

ஓடு கழற்றும்போது அடிப்பக்க முத்திரையைப் படம் எடுங்கள். பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். முதல் உலகப் போருக்குப் பிறகு அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போனது. முத்திரை எந்தப் பெயரில் என்பதே ஒரு காலக்குறி. ஆனால் ஓடு ஒரு கூரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், ஆகவே பத்து இருபது ஓட்டைப் பார்த்து முடிவுசெய்யக்கூடாது.

ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30-ல் காட்டியதை மறக்கக்கூடாது. காற்று முதலில் தூக்குவது இறவாண வரிசையையும் முகட்டையும். ஓட்டின் அடியில் உள்ள துளை வழியே செம்புக்கம்பி கோத்து இறவாணத்தில் இரண்டு வரிசையையும் ஓரச் சுவரை ஒட்டிய வரிசையையும் பட்டியலோடு (ஓடு உட்காரும் மரச்சட்டத்தோடு) கட்டுங்கள்.

---

இளைஞர்_ஐக்கியம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஞாயிறு ஆராதனைக்குப் பாதிப் பேர் வெளியே பந்தலில் இருக்கிறார்கள் என்றால் பழைய சுவரைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது? ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போட்டு மேலே ஒரு மாடி எடுக்கலாமே?

---

கழுக்கோல் எழுதியது:

இடம் போதாது என்பது நியாயமான குறை, தம்பி. 60-க்கு 24-ல் மேடை போக 1,240 சதுர அடி. பெஞ்சும் நடைபாதையும் சேர்த்து ஆளுக்கு 7.5 சதுர அடி என்றால் 165 பேர்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சுவர் மேல் தளம் போடக்கூடாது. மரமும் ஓடும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 60 முதல் 70 கிலோ. 12 செ.மீ. கான்கிரீட் 300 கிலோ, அதுவும் ஆள் ஏறாமல். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய, ஏற்கெனவே சாய்ந்த சுவர் அதைத் தாங்க ஆயத்தமானதல்ல. இடம் வேண்டுமானால் இரண்டு வழி. மனை இருந்தால் பக்கத்தில் புதிய ஆலயம், பழையது ஓய்வுநாள் பள்ளிக்கும் சிறு ஜெபக்கூட்டத்துக்கும். இல்லாவிட்டால் வடக்கிலும் தெற்கிலும் தனித் தூண் நிறுத்தி ஓட்டுத் தாழ்வாரம். பழைய ஜன்னல்களின் கீழ்ச்சுவரைத் தரை வரை திறந்து வாசலாக்கினால் உள்ளிருப்பவரும் தாழ்வாரத்தில் இருப்பவரும் ஒரே சபையாக இருப்பார்கள். வளைவின் மேல்பகுதியைத் தொடக்கூடாது, இரண்டு திறப்புக்கு நடுவில் குறைந்தது 4 அடிச் சுவர் நிற்க வேண்டும். புதிய கட்டுமானம் எதுவும் பழைய சுவரோடு கம்பி கோத்துச் சேரக்கூடாது. உங்கள் போர்ட்டிகோ கோளாறே அதுதான்: இரண்டு அஸ்திவாரமும் வெவ்வேறு வேகத்தில் இறங்குகின்றன, இணைப்பு கிழிகிறது. அங்கே சிமென்ட் அடைக்காமல், 25 மி.மீ. இடைவெளியாகவே விட்டு, மேலே ஈயத்தகடோ அலுமினியத் தகடோ பழைய சுவரில் மட்டும் பொருத்தி மூடுங்கள்.

---

பழையாறு எழுதியது:

இடிப்பதாக இருந்தாலும் கட்டுவதாக இருந்தாலும் சொத்து சி.எஸ்.ஐ.டி.ஏ. (திருச்சபையின் சொத்து அறக்கட்டளை) பெயரில் இருக்கும். பேராய அனுமதி எழுத்தில் வராமல் ஒரு கல்லையும் எடுக்கக்கூடாது. பழைய தேவாலயங்களைச் சீரமைக்க மாநில அரசின் நிதியுதவி உண்டு. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கட்டடத்தின் வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள், கல்லெழுத்து சொன்ன படங்கள் அங்கேயும் உதவும்.

---

சேகரச்செயலர் எழுதியது:

கமிட்டியில் இதை அப்படியே வாசிக்கிறேன். எந்த வேலை முதலில் என்று மட்டும் வரிசைப்படுத்தினால் நல்லது.

---

வெட்டுக்கல் எழுதியது:

இப்போதே: கண்ணாடித் துண்டு ஒட்டுவது, தூக்குக்குண்டு அளவு, படங்கள். வடகிழக்கு மழைக்கு முன்: வெளித்தரையைத் தாழ்த்துவது, போர்ட்டிகோ தகடு. சுண்ணாம்பு ஊறவைப்பதையும் அப்போதே தொடங்கிவிடுங்கள். மழை விட்டதும் தையில் முதலில் கூரை, ஒரு நேரத்தில் 15 அடி மட்டும் திறந்து, மேலே தார்ப்பாய் தயாராக வைத்து. கூரை முடிந்ததும் சிமென்ட் பூச்சை எடுத்துச் சுவரைக் காயவிடுங்கள். காரை அடுத்த ஆண்டு தையில்தான்.

---

கல்லெழுத்து எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். மாற்றிய ஒவ்வொரு கழுக்கோல், உத்தர ஒட்டின் மேல்பக்கத்திலும் ஆசாரி உளியால் ஆண்டைக் கொத்திவிடட்டும். கீழிருந்து யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை ஓடு இறக்குகிறவருக்குத் தெரியும். ௨௲௨௰ என்று எண்ணும் தமிழிலேயே தொடங்கலாம், கடைசி எண்ணை வேலை நடக்கும் ஆண்டுக்கு ஏற்பப் போட்டுக்கொள்ளுங்கள்.